மாடா, சோயாவா, பாமாயிலா, கோகோவா? காடழிப்பு ஆய்வுக்குப் பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி

வெப்பமண்டலக் காடுகளின் அழிவை விளைபொருள்களின் வழியே ஆராய்வது என்று முடிவு செய்த மாணவர் அடுத்து வந்து நிற்பது ஒரு நாற்சந்தியில். மாட்டிறைச்சி, சோயா, பாமாயில், கோகோ என்று நான்கு பக்கமும் வழி பிரிகிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே திணறிப்போகிறார்கள். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல், எது அதிகக் காட்டை விழுங்குகிறது என்பது. அதன்படி பார்த்தால் போட்டியே கிடையாது. உலக வள நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2001 முதல் 2015 வரை மேய்ச்சல் நிலமாக மாறிய காடு சுமார் 4.5 கோடி ஹெக்டேர். எண்ணெய்ப்பனைக்குப் போனது சுமார் 1 கோடி, சோயாவுக்கு சுமார் 80 லட்சம், கோகோவுக்கு 20 லட்சத்துக்குச் சற்று அதிகம். மற்ற மூன்றையும் கூட்டினாலும் மாட்டுக்குப் போனதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்த எண்கள் அக்கறைப்பட வேண்டியவை. ஆனால் ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்க இவை போதா என்பது என் உறுதியான கருத்து. நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. விளைபொருள் கைமாறிக் கைமாறிப் போகும் வழியில், அது பிறந்த நிலம் எந்த இடத்தில் மறைந்துபோகிறது? அந்த இடத்தில் எழுதப்படும் காகிதம் உங்கள் கைக்கு எட்டுமா? எட்டுமென்றால் உங்களுக்கு ஆய்வு உண்டு. எட்டாதென்றால் எத்தனை கோடி ஹெக்டேர் அழிந்திருந்தாலும் நீங்கள் எழுதப்போவது ஊகம்தான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் ஃபுளோரன்ஸ் பென்ட்ரில் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, வெப்பமண்டலக் காடழிப்பில் 90 முதல் 99 விழுக்காடு வரை விவசாயத்தோடு தொடர்புள்ளது என்றது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதே கட்டுரையில் இருக்கும் இன்னோர் எண்ணைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அழிக்கப்பட்ட காட்டில் 45 முதல் 65 விழுக்காடு மட்டுமே உண்மையில் விளைச்சல் தரும் நிலமாகிறது. மிச்சம், நிலத்தை வளைத்துப் போடுவதற்காக வெட்டப்பட்டதாகவோ, பயிர் ஏறாமல் கைவிடப்பட்டதாகவோ, வேலி தாண்டிப் பரவிய தீயில் கருகியதாகவோ இருக்கலாம். அங்கே பின்தொடர்ந்து போக எந்தச் சரக்கும் இல்லை. நீங்கள் எந்தப் பொருளை எடுத்தாலும் காடழிப்பின் ஒரு பகுதி, பண்ணையிலிருந்து சந்தை வரை நீங்கள் தொடரும் வழங்கல் சங்கிலிக்கு வெளியேதான் இருக்கும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இதை எழுதிவிடுவது நேர்மை.

இனி மாட்டுக்கு வருகிறேன். பிரேசிலின் பாரா மாநிலத்தில், அண்மையில் காடாக இருந்த ஒரு நிலத்தில் கன்று ஒன்று பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டு மாதத்தில் பால் மறந்ததும் அதை வளர்ப்புப் பண்ணைக்கு விற்கிறார்கள். அங்கே ஓரிரு ஆண்டுகள் புல் மேய்கிறது. பிறகு கொழுக்க வைக்கும் பண்ணைக்குப் போகிறது. கடைசியில் இறைச்சிக்கூடத்துக்கு லாரி ஏறுகிறது. மூன்று பண்ணைகள், மூன்று உரிமையாளர்கள். இறைச்சி நிறுவனம் பெயர் தெரிந்து பணம் கொடுப்பது மூன்றாமவருக்கு மட்டுமே.

2009இல் அரசு வழக்கறிஞர்கள் பாராவில் தொடுத்த வழக்குகளும், கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பு கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து, பெரிய இறைச்சி நிறுவனங்களைக் காடழிப்பற்ற கொள்முதல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட வைத்தன. ஹாலி கிப்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு நல்ல செய்தியோடுதான் தொடங்கியது. பாராவில் அவர்கள் ஆராய்ந்த பெரிய நிறுவனத்துக்கு நேரடியாக மாடு விற்ற பண்ணைகளில், அண்மைக் காலத்தில் காடு அழித்தவை 2009இல் 36 விழுக்காடாக இருந்தன. 2013இல் அது 4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் இந்தக் கணக்கு மூன்றாம் பண்ணையைப் பற்றியது. கன்று பிறந்த முதல் பண்ணையை ஒப்பந்தம் எட்டவில்லை. காடு அழித்தவர் இறைச்சிக்கூடத்துக்கு நேரே விற்க முடியாதபோது, சுத்தமான பதிவுள்ள பண்ணைக்கு விற்றுவிடுகிறார்.

பிறந்த நிலம் மறையும் இடத்தில் எழுதப்படும் காகிதத்துக்கு ஜிடிஏ என்று பெயர். மாடு பண்ணை விட்டுப் பண்ணை போகும்போதெல்லாம் கூடவே போக வேண்டிய பயணச் சீட்டு அது. கோமாரி போன்ற நோய்களைக் கட்டுப்படுத்த உண்டானது. காட்டை மனத்தில் வைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை. எங்கிருந்து, எங்கே, எதற்காக, எத்தனை என்று அதில் இருக்கும். ‘ஆண், 13 முதல் 24 மாதம், 40 தலை’ என்பதுபோல. எந்த 40 என்று இருக்காது. அந்த நாற்பதும் நானூறு மாடுள்ள மந்தையில் கலந்து, ஆறு மாதம் கழித்து அதே மந்தையிலிருந்து அறுபது மாடுகள் வெளியே போனால், அந்த அறுபதில் நம்முடையவை எத்தனை என்று சொல்ல வழியில்லை. எனவே மாட்டைப் பின்தொடர முடியாது. பண்ணைக்கும் பண்ணைக்கும் உள்ள தொடர்பைத்தான் பின்தொடர முடியும். அதோடு கார் எனப்படும் ஊரக நிலப் பதிவேட்டை இணைத்தால் பண்ணையின் எல்லை கிடைக்கும். அந்தப் பதிவேடு உரிமையாளரே வரைந்து கொடுப்பது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று பேருடைய எல்லைகள் ஏறிக் கிடப்பது சாதாரணம்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும், நான்கில் ஆழமான ஆய்வுக்கு அதிக இடம் இருப்பது மாட்டில்தான் என்று நினைக்கிறேன். கேள்வி கூர்மையாக இருக்கிறது. காகிதம் என்று ஒன்று இருக்கிறது. 2023இல் பாரா மாநிலம் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாளம் கொடுக்கும் திட்டத்தை அறிவித்திருப்பதால், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் வருகிறது. விலை என்னவென்றால் காலம். ஜிடிஏ தரவுகளைக் கேட்டு விண்ணப்பித்து, தனியுரிமைக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்து, கிடைத்ததைச் சுத்தம் செய்து முடிக்க ஓராண்டு போய்விடலாம். போர்ச்சுகீசியம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாண்டு முதுகலைப் பட்டத்துக்கு இது பொருந்தாது.

சோயா அதற்கு நேர் எதிர். பெரிய வயல்கள், ஆண்டுதோறும் நடவு, செயற்கைக்கோளில் தெளிவாகப் படும் பயிர். அதைவிட முக்கியம், அங்கே தொடங்கிய நாள் தெரிந்த ஒரு தலையீடு இருக்கிறது. 2006 ஜூலையில் பெரிய சோயா வணிக நிறுவனங்கள், அமேசானில் புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து அறிவித்தன. கிப்ஸ் குழுவினரின் 2015 கட்டுரைப்படி, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அமேசானில் விரிந்த சோயா நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு நேரடியாகக் காட்டை அழித்து வந்தது. 2014இல் அது சுமார் 1 விழுக்காடு.

30இலிருந்து 1. படித்தவுடன் மனம் குளிர்கிறது. ஆய்வாளர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். அமேசான் காடழிப்பு 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்தது 2012இல் 4,571ஆக இறங்கியது. அந்த ஆண்டுகளில் சோயா ஒப்பந்தம் மட்டுமா நடந்தது? 2004இல் அரசின் தடுப்புத் திட்டமும், உடனுக்குடன் எச்சரிக்கும் டெட்டர் செயற்கைக்கோள் கண்காணிப்பும் வந்தன. பாதுகாக்கப்பட்ட பகுதிகள் கூடின. 2008இல் விதி மீறும் பண்ணைகளுக்கு வங்கிக் கடன் இறுக்கப்பட்டது. சோயா விலையும் இடையில் விழுந்து எழுந்தது. இவற்றில் எது எவ்வளவு காப்பாற்றியது?

ராபர்ட் ஹெயில்மயர் உள்ளிட்டோர் 2020இல் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோயாவுக்கு ஏற்ற நிலம், ஏற்காத நிலம். அமேசான், அதை ஒட்டிய செராடோ என்னும் புல்வெளிக்காட்டுப் பகுதி. ஒப்பந்தத்துக்கு முன், பின் என்று மூன்று அடுக்காக ஒப்பிட்டார்கள். கிடைத்த விடை, முதல் பத்தாண்டில் சுமார் 18,000 சதுர கிலோமீட்டர் காடு தப்பியது என்பது. கூடவே 9,000 கூடலாம் குறையலாம் என்ற பிழை வரம்பும் இருந்தது. விடையில் பாதி அளவுக்குப் பிழை வரம்பு! இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஒளிக்காமல் சொல்லும் எண் அது. முதுகலை மாணவர் இந்த இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தாலே, ஒரே நிகழ்வை ‘என்ன நடந்தது’ என்று கேட்பதற்கும் ‘எதனால் நடந்தது’ என்று கேட்பதற்கும் உள்ள தூரம் புரியும்.

சோயாவின் குறையும் அதன் தெளிவிலிருந்துதான் வருகிறது. தரவு நன்றாக இருப்பதால் பலர் ஏற்கெனவே உழுத நிலம் அது. ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனமும் குளோபல் கேனபியும் நடத்தும் ‘டிரேஸ்’, எந்த நகராட்சிப் பகுதியில் விளைந்த சோயா எந்த நிறுவனத்தின் வழியே எந்த நாட்டுக்குப் போனது என்று மதிப்பிட்டு வெளியிடுகிறது. தொடங்குகிறவருக்கு அது வரப்பிரசாதம். புதிதாகச் சொல்ல விரும்புகிறவருக்கு இடம் குறைவு. ஒப்பந்தம் சோயா விதைத்த துண்டை மட்டுமே பார்க்கும். அதே பண்ணையில் வேறொரு மூலையை வெட்டி மாடு விட்டால் அதன் கண்ணில் படாது. பழைய மேய்ச்சல் நிலத்தில் சோயா ஏறி, மாடு காட்டை நோக்கி நகர்ந்தாலும் படாது. செராடோவில் ஒப்பந்தமே இல்லை. அங்கே 2007 முதல் 2013 வரை ஆண்டுக்கு 11 முதல் 23 விழுக்காடு சோயா விரிவாக்கம் இயற்கைத் தாவரப் பரப்பை அழித்து நடந்ததாக அதே 2015 கட்டுரை சொல்கிறது. 2025இல் பிரேசிலின் வணிகப் போட்டி ஒழுங்காற்று அமைப்பு இந்த ஒப்பந்தத்தின் மேலேயே நடவடிக்கை எடுத்தது. தலையீடு தொடங்கியபோது நடந்ததை அளந்தவர்கள் இருக்கிறார்கள். அது தளரும்போது என்ன ஆகிறது என்பதை அளக்க ஆள் தேவை. சோயாவை எடுப்பதானால் இந்தப் பக்கமிருந்து எடுங்கள்.

பாமாயில் சங்கிலியை முடிவு செய்வது ஓர் எளிய வேதியியல் உண்மை. குலை வெட்டிய கணத்திலிருந்து பழத்தின் எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே ஆலை எங்கே என்று தெரிந்தால் பழம் எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்றும் தெரியும். ஆலைகளின் இருப்பிடங்கள் பொதுவில் கிடைக்கின்றன. ஆலை வரைக்கும் சரக்கு உள்ளூர்க்காரன். ஆலையைத் தாண்டி லாரித் தொட்டியிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் கலந்தபின் அதற்கு ஊரில்லை. ஆலையைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் காடு எப்படிக் குறைந்தது என்று பார்ப்பது இரண்டாண்டுக்குள் முடியக்கூடிய, மானமான ஆய்வு.

ஆனால் வட்டத்துக்குள் யார் நிலம் எது என்ற கேள்வி வந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. இந்தோனேசியாவில் தோட்ட உரிம வரைபடங்களை வெளியிட வேண்டும் என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியும் அரசு தயங்கியது. அந்நாட்டின் எண்ணெய்ப்பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறு விவசாயிகளுடையது. அவர்கள் பழம் தரகர் கைவழியே போகிறது. கிம்பர்லி கார்ல்சன் உள்ளிட்டோரின் 2018 ஆய்வு, நீடித்த பாமாயிலுக்கான ஆர்எஸ்பிஓ அமைப்பின் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் காடழிப்பு 33 விழுக்காடு குறைந்தது என்று கண்டது. அந்தத் தோட்டங்களில் சான்றிதழ் வரும்போதே காடு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது என்றும் அதே ஆய்வு சொன்னது. டேவிட் காவோ குழுவினர் 2022இல், இந்தோனேசியாவில் தோட்ட விரிவாக்கம் பாமாயில் விலையோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். எனவே ‘கொள்கை வந்தது, காடழிப்பு குறைந்தது’ என்று எழுதும் முன் அந்த ஆண்டுகளின் விலைக் கோட்டை அருகில் வைத்துப் பாருங்கள்.

கோகோவில் எனக்கு மனம் அதிகம் ஒட்டுகிறது. பரிந்துரைக்க அதிகம் தயங்குவதும் அதற்குத்தான். ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் தருகின்றன. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஹெக்டேர் நிலம் உள்ள ஏழைக் குடும்பங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 2 ஹெக்டேர் சதுர நிலத்தின் பக்கம் 141 மீட்டர். ஒரு வரிசையில் ஐந்து புள்ளிகள்கூட முழுதாக அடங்காது. மொத்தம் 22 புள்ளிகளில் ஓரத்தில் விழுபவை பக்கத்து நிலத்தோடு கலந்திருக்கும். மேலே நிழல் மரம் இருந்தால் கோகோ காடாகவே தெரியும். 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 படங்களும் ஆழ்கற்றல் முறையும் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. நிகோலாய் கலிஷெக் உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட வரைபடம், ஐவரி கோஸ்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நடந்த காடழிப்பில் 37 விழுக்காட்டுக்கும் மேல் கோகோவோடு தொடர்புள்ளது என்று காட்டியது.

நிலம் தெரியத் தொடங்கிவிட்டது. மூட்டை இன்னும் தெரியவில்லை. ‘பிஸ்தர்’ என்று அங்கே அழைக்கப்படும் தரகர் வீடு வீடாகப் போய்க் கொட்டை வாங்குகிறார். பத்துத் தோட்டத்துக் கொட்டை ஒரே மூட்டையில் விழுகிறது. அந்த இடத்தில் காகிதமே இல்லை. இந்தக் கண்ணியை ஆராய வேண்டுமென்றால் பிரெஞ்சு பேசி, தரகர்களோடு பல மாதம் சுற்றி, அவர்கள் நம்பிக்கையைப் பெற வேண்டும். முடிகிறவருக்கு இது பொக்கிஷம். திரை முன்னால் உட்கார்ந்து மட்டும் செய்ய நினைப்பவர் கோகோவைத் தொட வேண்டாம்.

காபியைப் பற்றிச் சொல்ல எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. ரப்பரை மட்டும் ஓரக்கண்ணால் பாருங்கள். 2023இல் வெளியான ஒரு வரைபட ஆய்வு, தென்கிழக்கு ஆசியாவில் 1993க்குப் பின் ரப்பருக்காக அழிந்த காடு 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்றது. அதுவரை கொள்கை வகுப்பவர்கள் நம்பியிருந்ததைவிட அது மிக அதிகம்.

படத்தை வைத்து ஆய்வதா, களத்துக்குப் போவதா என்பதும் பொருளோடு சேர்ந்தே முடிவாக வேண்டிய விஷயம். எந்த வரைபடமும் தானாக உண்மை பேசாது. பிரேசில் அரசின் ஆண்டுக் காடழிப்புக் கணக்கான புரோடெஸ் 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டைக் கணக்கில் எடுக்காது. அதன் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். 2013இல் ஹேன்சன் குழுவினர் வெளியிட்ட உலக வரைபடம் மரப் பரப்பின் இழப்பைத்தான் காட்டும். முதிர்ந்த எண்ணெய்ப்பனையை வெட்டி மறுநடவு செய்தாலும் அதில் இழப்பாகப் பதியும். இது தெரியாமல் தோட்டத்தின் மறுநடவைக் காடழிப்பு என்று எழுதிவிட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே ஆய்வேடு சரிந்துவிடும்.

களம் ஏன் வெட்டினார்கள் என்பதைச் சொல்லும். சந்தைக்காகவா, நிலத்துக்கு உரிமை கோரவா, மகனுக்குப் பங்கு விடவா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் பார்த்ததில்லை. ஆனால் பேசுகிறவருக்கு வரும் ஆபத்தை நீங்கள் சுமக்க வேண்டும். அருட்சகோதரி டோரதி ஸ்டாங், பாராவின் அனாபுவில் 2005 பிப்ரவரியில் நிலத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகம் அறிந்த ஒருவருக்கே அந்த முடிவு என்றால், பெயர் தெரியாத கூலியாளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் பண்ணையின் பெயரை உங்கள் குறிப்பேட்டில் எழுதும் முன், அந்தக் குறிப்பேடு யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் படிவத்தை நிரப்பியதோடு இந்தப் பொறுப்பு தீராது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்பு ஒழுங்குமுறை இந்தக் கணக்குகளை மாற்றிவருகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழிந்த நிலத்தில் விளைந்த மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அங்கே நுழையக் கூடாது என்பது அதன் சாரம். அமலாக்கத் தேதி தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் தரவு சேகரிப்பு தொடங்கிவிட்டது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக் கோடு வேண்டும். அதற்குள் என்றால் ஒரே புள்ளி போதும். கோகோக்காரர்களில் பெரும்பாலோர் புள்ளிக்குள் அடங்கிவிடுவார்கள். மாட்டுக்கோ அது வளர்ந்த எல்லாப் பண்ணைகளின் இருப்பிடமும் வேண்டும். செராடோவின் பெரும்பகுதி சட்டத்தின் ‘காடு’ என்ற சொல்லுக்குள் வராது. பிரேசில் மாட்டிறைச்சியின் பெரும்பங்கு உள்நாட்டிலேயே உண்ணப்படுவதால், அதைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்துக்குக் கை நீளம் குறைவு. சட்டத்தின் விளைவை அளப்பதே ஆய்வு என்றால் கோகோ, காபி, ரப்பர் பக்கம் போங்கள், மாட்டை விட்டுவிடுங்கள்.

என் பரிந்துரையைக் கேட்டால், இரண்டாண்டு இருப்பவருக்கு எண்ணெய்ப்பனை ஆலை வட்டம், அல்லது தளரும் ஒப்பந்தத்தின் கீழ் சோயா. நான்கைந்து ஆண்டு இருந்து, போர்ச்சுகீசியம் கற்க மனமும் இருந்தால் மாடு. அதிலும் கன்று பிறக்கும் பண்ணைக்கும் கொழுக்கும் பண்ணைக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டாம் பண்ணை. அதைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, அங்கேதான் அடையாளம் மாறுகிறது.

முன்மொழிவை எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு நகராட்சிப் பகுதியை எடுத்து, அதன் ஓராண்டு ஜிடிஏ பதிவுகளைக் கேட்டு விண்ணப்பியுங்கள். பெயர்களை நீக்கித் தந்தாலும் போதும் என்று சொல்லுங்கள். மூன்று மாதம் காத்திருங்கள். வந்தால் மாடு. வராவிட்டால் சோயாவுக்குத் திரும்ப அப்போதும் உங்களுக்கு நேரம் இருக்கும்.